காலையில் வடக்கே, மாலையில் தெற்கே: காரிலிருந்தே பருந்துகளைப் படமெடுப்பது

மின்கம்பியில் உட்கார்ந்திருக்கும் கருந்தோள் பருந்து, கீழே லாரி போனாலும் அசையாது. அதே கம்பிக்குக் கீழே காரை நிறுத்தி, கதவைத் திறந்து, ஒரு காலைத் தரையில் வைத்துப் பாருங்கள், அடுத்த நொடி கம்பி காலியாக இருக்கும். ஓடும் வண்டிகளைப் பார்த்துப் பழகிய பறவைக்கு மனித உருவம்தான் பயம். அதனால் சாலையோரப் படப்பிடிப்பில் கார்தான் மறைவிடம். கடைசிவரை அதைவிட்டு இறங்கக் கூடாது.

இங்கே சொல்வது தமிழ்நாட்டுச் சமவெளிச் சாலைகளுக்கு, குறிப்பாகக் கோவில்பட்டி, எட்டயபுரம், விளாத்திகுளம் பக்கத்துக் கரிசல் காடுகளுக்கும், திருநெல்வேலி, தூத்துக்குடி மாவட்டங்களின் கண்மாய்ப் பகுதிகளுக்கும் பொருந்தும். அக்டோபர் முதல் மார்ச் வரை வலசை வரும் பூனைப்பருந்துகளும், சிற்றெழால் என்னும் சிறு வல்லூறுகளும் இங்கே இருக்கும். தை, மாசியில் அறுவடை முடிந்து நிலம் வெறுமையாகும்போது எலியும் வெட்டுக்கிளியும் ஒளிய இடமில்லாமல் வெளியே தெரியும். பறவைகள் அதிகம் கீழிறங்குவதும் அப்போதுதான்.

எந்த இருக்கை, எந்தத் திசை

லென்ஸ் வாங்கக் காட்டும் அக்கறையில் பாதியைத் திசைக்குக் காட்டினால் படங்கள் இரண்டு மடங்கு நன்றாக வரும். நம் ஊரில் வண்டியைச் சாலையின் இடது ஓரத்தில்தான் நிறுத்த முடியும். ஆகவே படமெடுப்பவர் உட்கார வேண்டியது இடது முன் இருக்கையில். ஓட்டுவதற்கு இன்னொருவர் வேண்டும். பின் இருக்கை வசதியாகத் தோன்றும், ஆனால் பல கார்களில் பின் கதவுக் கண்ணாடி முழுதாக இறங்காது. பாதியில் நிற்கும் கண்ணாடியின் விளிம்பில் மூன்று கிலோ லென்ஸையும், அதைத் தாங்கும் தானியப் பையான பீன் பேக்கையும் சுமத்தினால் கண்ணாடியை ஏற்றி இறக்கும் பொறி சீக்கிரம் கெட்டுப்போகும். முன் இருக்கையைக் கடைசிவரை பின்னுக்குத் தள்ளி, சாய்வைச் சற்றுக் குறைத்துக்கொண்டால் லென்ஸைத் திருப்ப இடம் கிடைக்கும்.

இனி சூரியன். வடக்கு தெற்காக ஓடும் சாலையில் காலையில் வடக்கு நோக்கிப் போங்கள். இடது ஜன்னல் மேற்கைப் பார்க்கும், சூரியன் உங்கள் முதுகுக்குப் பின்னால் இருக்கும். மாலையில் அதே சாலையில் தெற்கு நோக்கி வாருங்கள். இதை மாற்றிச் செய்தால் காலை முழுவதும் பறவையின் நிழலுருவம்தான் கிடைக்கும். கோவில்பட்டியிலிருந்து எட்டயபுரம் வழியாக விளாத்திகுளம் போவது போன்ற மேற்கு கிழக்குச் சாலையில் கணக்கு வேறு. மார்கழி, தை மாதங்களில் சூரியன் நாள் முழுக்கத் தென்புறமாகவே சாய்ந்து போகும். அதனால் கிழக்கு நோக்கிப் போனால், இடது ஜன்னல் வடக்கைப் பார்ப்பதால், காலையிலும் மாலையிலும் ஓரளவு வெளிச்சம் கிடைக்கும். காலையில் அது பக்கவாட்டு வெளிச்சம் என்பதால் பறவையைச் சற்றுத் தாண்டி நிறுத்தி, வடமேற்காகத் திரும்பி எடுங்கள். மாலையில் பறவைக்குக் கொஞ்சம் முன்னதாகவே நிறுத்தி வடகிழக்காக எடுங்கள்.

தனியாக ஓட்டிக்கொண்டு போகிறவர் வலது ஜன்னலில் இருப்பார். அவருக்கு இதெல்லாம் தலைகீழ்: வடக்கு தெற்குச் சாலையில் காலையில் தெற்கே, மாலையில் வடக்கே. சாலையைக் கடந்துதான் படமெடுக்க வேண்டியிருக்கும் என்பதால் இரண்டு வண்டி அகலச் சாலையை விட்டுவிட்டு, 3.75 மீட்டர் அகலமுள்ள ஒற்றைத்தடக் கிராமச் சாலைகளைத் தேர்ந்தெடுங்கள்.

காற்று

சூரியனைக் கவனிப்பவர்களில்கூடப் பலர் காற்றைக் கவனிப்பதில்லை. பருந்து போன்ற இரைகொல்லிப் பறவைகள் கம்பியில் பெரும்பாலும் காற்றை எதிர்கொண்டு உட்காரும், காற்றை எதிர்த்துத்தான் எழும்பும். எனவே காற்று உங்கள் முதுகுப் பக்கமிருந்து வீசினால் பறவை உங்களை நோக்கி எழும்பும், முகமும் விரிந்த சிறகும் கிடைக்கும். எதிரிலிருந்து வீசினால் வாலும் முதுகும்தான்.

குளிர்காலத்தில் நம் பக்கம் வாடை வீசும், வடகிழக்கிலிருந்து. காலையில் சூரியனும் கிழக்கில்தான். இரண்டும் ஏறத்தாழ ஒரே பக்கம் அமைவது காலைவேளையில் மட்டும். மாலையில் சூரியன் மேற்கே, காற்று வடகிழக்கே. அப்போது வெளிச்சம் அழகாக இருக்கும், பறவையோ விலகிப் பறக்கும். ஒரு நாளுக்கு ஒரு வேளைதான் போக முடியும் என்றால் காலையில் போங்கள். விடிந்ததும் பெரும்பாலும் காற்றே இருக்காது. அந்த நேரத்தை உட்கார்ந்த பறவைகளுக்கு வைத்துக்கொள்ளுங்கள். காற்று மெல்ல எழுந்த பிறகு, கருந்தோள் பருந்தும் சிற்றெழாலும் அந்தரத்தில் நின்றபடி இரை தேடுவதை எடுக்கலாம். திசை தெரியாவிட்டால் ஜன்னலில் ஒரு நூலைக் கட்டுங்கள், அல்லது சோளத் தாளைப் பாருங்கள்.

பீன் பேக்

ஜன்னலில் முக்காலி வைக்க இடமில்லை, கையில் பிடித்தபடி இருபது நிமிடம் காத்திருக்கவும் முடியாது. பழைய ஜீன்ஸ் கால் ஒன்றிலிருந்து இரண்டு பைகள் தையுங்கள். ஒவ்வொன்றும் ஏறத்தாழ 25 சென்டிமீட்டருக்கு 20. இரண்டையும் நடுவில் ஒரு கை அகலத் துணியால் இணைத்தால், கதவின் விளிம்பில் குதிரைச் சேணம் போல உட்காரும், லென்ஸைத் திருப்பும்போது நழுவாது. மொத்தம் இரண்டரை கிலோ அளவுக்குக் குருணை அரிசி நிரப்புங்கள். முக்கால்வாசி மட்டும் நிரப்புவது முக்கியம், இறுக்கிக் கட்டினால் லென்ஸ் மேலே உருளும். கொண்டைக்கடலை போன்ற பெரிய பயறு லென்ஸின் வடிவத்துக்குப் படியாது. மணல் வேண்டவே வேண்டாம், தையல் வழியே கசியும் பொடி லென்ஸின் ஜூம் வளையத்துக்குள் போய்விடும். மழைக்காலத்தில் அரிசி பூசணம் பிடிக்கும், வண்டு வரும். அதற்குப் பிளாஸ்டிக் குருணை நல்லது.

பையை மறந்துவிட்டால், ஏசி குழாயின்மேல் சுற்றும் கறுப்பு ஃபோம் குழாயை நீளவாக்கில் பிளந்து, கண்ணாடியைக் கீழே இறக்கிவிட்டுக் கதவின் விளிம்பில் மாட்டலாம். ஹார்டுவேர் கடையில் மீட்டர் கணக்கில் கிடைக்கும். பை அளவுக்கு அதிர்வை வாங்காது என்றாலும் வெறும் தகரத்தைவிட எவ்வளவோ மேல்.

லென்ஸும் தூரமும்

கருந்தோள் பருந்தின் உடல் நீளம் ஒரு அடியைவிடச் சற்றுதான் கூடுதல். 600 மில்லிமீட்டர் லென்ஸில், 25 மீட்டர் தூரத்தில், ஃபுல் ஃபிரேம் (பெரிய சென்சார்) கேமராவில் அது படத்தின் உயரத்தில் மூன்றில் ஒரு பங்கு வரும். அதைவிடச் சிறிய கிராப் சென்சார் கேமராவில் கிட்டத்தட்டப் பாதி. 40 மீட்டருக்குப் போனால் ஃபுல் ஃபிரேமில் ஐந்தில் ஒரு பங்குதான். எனவே 150-600 அல்லது 200-600 வகை ஜூம் ஒன்றும் கிராப் சென்சார் உடலும் போதுமானவை. 400 மில்லிமீட்டர் வைத்திருப்பவர் ஊர்ப்பருந்து, செம்பருந்து, வெள்ளைக்கண் வைரி போன்ற பெரிய அல்லது கூச்சம் குறைந்த பறவைகளில் தொடங்கலாம்.

அதிகத் தூரத்தை லென்ஸால் வெல்ல நினைப்பவர்களை ஏமாற்றுவது கானல். குளிர்ந்த இரவுக்குப் பிறகு தாரும் கரிசல் மண்ணும் சூடாகத் தொடங்கியதும், தரையை ஒட்டிய காற்று அலைபாயும். வ்யூஃபைண்டரில் பார்த்தால் தெரியாது. வீட்டுக்கு வந்து பெரிதாக்கினால் எல்லாப் படத்திலும் இறகுகள் மெழுகு உருகியதுபோல் இருக்கும், லென்ஸில் கோளாறு என்று கடைக்குக் கொண்டு போவார்கள். வெயில் நாளில் ஒன்பது மணிக்கெல்லாம் 50 மீட்டருக்கு அப்பால் இருப்பதை விட்டுவிடுவது நல்லது. தார்ச்சாலையின் நெடுகப் பார்த்து எடுப்பதைவிடப் புல்வெளிக்கு மேலாக எடுத்தால் கானல் குறைவு. உயரமான கம்பத்தில் இருக்கும் பறவை, வரப்பில் இருக்கும் பறவையைவிடத் தெளிவாக வரும்.

கானலைக் காரே உண்டாக்குவதும் உண்டு. ஏசி போட்டுக் குளிர்ந்த காருக்குள்ளிருந்து சூடான வெளிக்காற்றைப் பார்த்து எடுத்தால், ஜன்னல் விளிம்பில் இரண்டு காற்றும் கலக்கும் இடத்தில் படம் கலங்கும். எடுக்கத் தொடங்கும் இடத்துக்குப் பத்து, பதினைந்து நிமிடம் முன்பே ஏசியை அணைத்துக் கண்ணாடிகளை இறக்கிவிடுங்கள். லென்ஸில் ஆவி படிவதும் இதனால் தவிரும். சூடான பானெட்டுக்கு மேலாக ஒருபோதும் எடுக்காதீர்கள்.

கேமரா அமைப்புகள்

அப்பர்ச்சரை, அதாவது லென்ஸின் ஒளித்துளையை, முழுதாகத் திறந்தே வையுங்கள். 600 மில்லிமீட்டரில், எஃப் 6.3இல், 25 மீட்டர் தூரத்தில் ஏறத்தாழ 65 சென்டிமீட்டர் ஆழத்துக்கு ஃபோகஸ் நிற்கும், பறவை முழுவதற்கும் அது தாராளம். ஷட்டர் வேகம் உட்கார்ந்த பறவைக்கு 1/800 நொடி. ஆனால் உட்கார்ந்த பறவை எந்த நொடியும் எழும்பும். அதனால் முதல் பத்துப் படம் எடுத்ததும் 1/2500க்கு மாற்றிக் காத்திருங்கள். வட்டமிடும் கழுகுக்கு 1/1600 போதும். வைரி திடீரென்று திரும்பும்போது 1/3200கூடச் சில முறை பற்றாது.

காலை ஏழு மணி வெளிச்சத்தில் எஃப் 6.3, 1/2000 என்றால் ஐஎஸ்ஓ (சென்சாரின் ஒளியுணர்வு அளவு) 1000 முதல் 1600 வரை ஏறும். எட்டரைக்கு 400, 500க்கு இறங்கிவிடும். ஐஎஸ்ஓவுக்குப் பயந்து ஷட்டரைக் குறைப்பதுதான் புதியவர்கள் செய்யும் பெரிய பிழை. ஐஎஸ்ஓ ஏறுவதால் படத்தில் வரும் புள்ளிகளை மென்பொருளில் குறைக்கலாம், அசைந்து மங்கிய கண்ணை எதுவும் திருத்தாது.

வெளிச்சக் கணக்கை மேனுவலில் வைத்துக்கொண்டு, ஐஎஸ்ஓவையும் கையால் நிலைநிறுத்தப் பழகுங்கள். பறவை வானத்திலிருந்து இறங்கிக் கருவேலங்காட்டுக்கு முன்னால் பறக்கும்போது அதன்மேல் விழும் வெயில் மாறுவதில்லை, பின்னணி மட்டுமே மாறுகிறது. ஆட்டோ ஐஎஸ்ஓ பின்னணியைப் பார்த்து ஏமாந்துவிடும். மேகமும் வெயிலும் மாறி மாறி வரும் நாளில் மட்டும் ஆட்டோவுக்குப் போய், வெளிறிய வானத்துக்கு எக்ஸ்போஷர் காம்பன்சேஷனை (கேமராவின் வெளிச்சக் கணக்கைக் கூட்டிக் குறைக்கும் அமைப்பு) பிளஸ் 1 அல்லது பிளஸ் 1.3 என ஏற்றுங்கள். செம்பருந்தின் வெள்ளைத் தலையும் கருந்தோள் பருந்தின் வெள்ளை மார்பும் நேர் வெயிலில் முதலில் வெளிறிப்போகும் இடங்கள். ஹிஸ்டோகிராம் என்னும் வெளிச்ச வரைபடம் வலது ஓரத்தில் முட்டினால் மூன்றில் ஒரு பங்கு ஸ்டாப் குறையுங்கள்.

ஃபோகஸ் தொடர் நிலையில் இருக்கட்டும். பறவைக் கண்ணைக் கண்டுபிடிக்கும் வசதி உள்ள கேமராவிலும், கம்பியில் அமர்ந்த பறவைக்குச் சிறிய ஃபோகஸ் கட்டத்தையே பயன்படுத்துங்கள். கம்பியும் முன்னால் நிற்கும் சோளக்கதிரும் ஃபோகஸைப் பிடுங்கிக்கொள்ளும். லென்ஸில் ஃபோகஸ் லிமிட்டர் இருந்தால் அருகாமைத் தூரத்தைத் துண்டித்துவிடுங்கள். கேமரா குலுங்கலுக்கு முதல் காரணம் ஓடும் இன்ஜின். எடுக்கும்போது அது அணைந்திருக்க வேண்டும், காருக்குள் இருக்கும் மற்றவரும் அசையாமல் இருக்க வேண்டும்.

நெருங்குவது

இதில் அவசரப்பட்டால் முன் சொன்ன எதுவும் உதவாது. கம்பத்தில் பறவையைக் கண்டதும் பிரேக்கை மிதிக்காதீர்கள். வழக்கமான வேகத்தில் கடந்துபோய், அது எப்படி நடந்துகொள்கிறது என்று பின்பார்வைக் கண்ணாடியில் பாருங்கள். அரை கிலோமீட்டர் தாண்டித் திரும்பி, வெளிச்சத்துக்கு ஏற்ற திசையில் மறுபடி வாருங்கள். ஜன்னல் கண்ணாடி முழுதாக இறங்கியிருக்கட்டும், பீன் பேக் கதவில், லென்ஸ் அதன்மேல். நிறுத்திய பிறகு லென்ஸை வெளியே நீட்டுவதுதான் பறவையைக் கிளப்பும் அசைவு.

200 மீட்டர் முன்பே வேகத்தைக் குறைத்து, இண்டிகேட்டர் போட்டு, தாரை விட்டு இடது மண் ஓரத்துக்கு இறங்குங்கள். 60, 70 மீட்டரில் முதல் நிறுத்தம். இன்ஜினை அணைத்துச் சில படங்கள். மூன்று நிமிடம் கழித்து ஸ்டார்ட் செய்து பத்து மீட்டர் நகருங்கள், மறுபடி அணையுங்கள். சத்தம் வராமல் இருக்க ஓட்டத்திலேயே இன்ஜினை அணைத்து உருட்டிக்கொண்டு போகிறவர்கள் இருக்கிறார்கள். பவர் ஸ்டியரிங்கும் பிரேக்கின் துணை விசையும் அத்துடன் போய்விடும், அதைச் செய்யவே கூடாது.

பறவை என்ன சொல்கிறது என்று ஒவ்வொரு நிறுத்தத்திலும் பாருங்கள். இறகை உப்பிச் சிலிர்த்துக்கொள்வதும், ஒற்றைக் காலில் நிற்பதும், அலகால் இறகு கோதுவதும் நிம்மதியின் அடையாளங்கள். இறகை உடலோடு இறுக்கி, கழுத்தை நீட்டி உங்களையே பார்த்தால் அங்கேயே நில்லுங்கள், ஒரு மீட்டர்கூட வேண்டாம். இரண்டு நிமிடத்தில் தளராவிட்டால் பின்வாங்குங்கள். முன்னால் குனிந்து, வாலைத் தூக்கி எச்சமிட்டால் சில நொடிகளில் எழும்பும். நிம்மதியாக வேட்டைக்குக் கிளம்பும் பறவையும் இதைத்தான் செய்யும். படச்சட்டத்தில் பறவையை நடுவில் வைக்காமல், அது பறக்கப்போகும் பக்கம் இடம் விட்டு, ஷட்டரை அழுத்தத் தொடங்க வேண்டிய தருணம் இது.

பறவைக்குப் பறவை

கருந்தோள் பருந்துக்கு வாடிக்கையான கம்பங்கள் உண்டு. இன்று காலியாக இருந்தால் நாளையும் பாருங்கள். அதன் சிவந்த கண் ஒளிர வேண்டுமானால் சூரியன் தாழ்வாக இருக்க வேண்டும். வைரி சாலையோரப் புளியமரங்களில், இலைக்குள் இருக்கும். அணில் விடாமல் கத்தும் மரத்தில் தேடுங்கள். வெள்ளைக்கண் வைரி பனைமட்டையிலோ கம்பத்திலோ நெடுநேரம் அசையாமல் உட்காரும், பயிற்சிக்கு இதைவிட நல்ல பறவை இல்லை. பாம்புக் கழுகுகள் உயரமான மின்கோபுரங்களில் அமரும், அவற்றை நெருங்க முயல்வதைவிட அவை பறக்கும் வழியில் காத்திருப்பது பலன் தரும்.

பூனைப்பருந்துக்குத் தனி முறை. அது அதிகம் உட்காராது, தரையிலிருந்து ஒன்றிரண்டு மீட்டர் உயரத்தில் காட்டைத் துழாவிக்கொண்டே போகும். காரில் அதைத் துரத்துபவருக்குப் பின்பக்கம் மட்டுமே கிடைக்கும். ஒரு வயல்வெளியில் அது எந்த வரப்பை ஒட்டிப் போகிறது என்று ஒருமுறை பாருங்கள். அதே தடத்தில் மறுபடி வரும் வாய்ப்பு அதிகம். அந்த வரப்பு சாலையைத் தொடும் இடத்தில் இன்ஜினை அணைத்துக் காத்திருங்கள். இரவில் இவை புல்வெளியில் தரையிலேயே கூட்டமாகத் தங்கும். அந்தப் புல்லுக்குள் நடப்பதும், இருட்டிய பின் கார் விளக்கை அந்தப் பக்கம் திருப்புவதும் கூட்டத்தையே கலைத்துவிடும். விழுப்புரம் மாவட்டத்தில் 2021இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட கழுவேலியில் சேற்றுப் பூனைப்பருந்தையும், நீர்த்தேக்கங்களின் பட்டமரங்களில் மீன் பிடிக்கும் விரால் அடிப்பானையும் காணலாம்.

எங்கே நிறுத்தக் கூடாது

நான்குவழிச் சாலையில், எவ்வளவு அருமையான பறவையாக இருந்தாலும், நிறுத்தாதீர்கள். பழைய சாலைகள், பஞ்சாயத்துச் சாலைகள், வாய்க்கால் கரைகள் ஆகியவற்றில்தான் இந்த வேலை. வளைவிலும் பாலத்திலும் நிறுத்த வேண்டாம். முதுமலை, சத்தியமங்கலம் புலிகள் காப்பகச் சாலைகளில் காட்டுக்குள் வண்டியை நிறுத்தவே அனுமதியில்லை. விஜயநாராயணம் கடற்படைத் தளம், மகேந்திரகிரி இஸ்ரோ மையம், கூடங்குளம் அணுமின் நிலையம் போன்ற இடங்களின் அருகே பெரிய லென்ஸை ஜன்னலில் வைத்தபடி நிற்பது தேவையில்லாத விசாரணையில் முடியும். 2022இல் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்ட மதுரை அரிட்டாபட்டியில் பாறைகளில் ராஜாளியும் வல்லூறும் வாழ்கின்றன. அங்கே போனால் ஊர்க்காரர்களிடம் கேட்டுவிட்டு, கண்மாய்க்கரையிலிருந்தே எடுங்கள்.

கூட்டின் அருகே படப்பிடிப்பே வேண்டாம். தாய் எழுந்து போன பத்து நிமிடத்தில் காகம் முட்டையைத் தூக்கிவிடும், வெயிலில் குஞ்சு சுருண்டுவிடும். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், காட்டுப் பறவையின் கூட்டையோ முட்டையையோ தொந்தரவு செய்வதை வேட்டை என்ற சொல்லுக்குள்ளேயே சேர்த்திருக்கிறது. கோழிக்கழிவை வீசிப் பருந்துகளை இறக்குவதும் கூடாது. சாலையோரத்தில் இரைக்கு இறங்கப் பழகிய பறவை வண்டியில் அடிபட்டுச் சாகும். கூடும் இரவுத் தங்கலும் இருக்கும் இடத்தைப் படத்தோடு வெளியிடாதீர்கள், போனில் எடுத்த படத்திலிருந்து இடக்குறிப்பை நீக்கிவிடுங்கள்.

படம் எடுத்து முடித்ததும் லென்ஸை மெல்ல உள்ளே இழுத்து, கண்ணாடியைப் பாதி ஏற்றி, இன்ஜினை ஸ்டார்ட் செய்து பத்து நொடி அப்படியே இருங்கள். பிறகு முதல் கியரில் நகர்ந்து, பறவையைத் தாண்டிய பிறகே வேகம் கூட்டுங்கள். அருகிலுள்ள கிலோமீட்டர் கல், சாலையின் எந்தப் பக்கம், மணி என்ன, காற்று எங்கிருந்து வீசியது என்ற நான்கையும் குறித்துவையுங்கள். நீங்கள் கிளம்பும்போதும் பறவை கம்பியிலேயே உட்கார்ந்திருந்தால் அதையும் எழுதுங்கள். அடுத்த காலை முதல் நிறுத்தம் அங்கேதான்.